செத்தவர் ஓட்டும் பிழைக்க வந்தவர் ஓட்டும்

நம் சங்கத்தின் முன்னறையில் ஞாயிறுதோறும் ஒரு மேசையைப் போட்டு, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவங்களை நிரப்பித் தருகிறோம். வருகிறவர்களில் பலர் தாமாக வருவதில்லை. மகளோ மருமகனோ கையைப் பிடித்து இழுத்து வருகிறார்கள். அப்படி வந்தவர் வாசற்படியிலேயே நின்றுகொண்டு சொல்லும் பதில் நமக்கு மனப்பாடமாகிவிட்டது. "ஊர்ல ஒரு ஓட்டு இருக்குல்லா அண்ணாச்சி, அது போதாதா? இங்க எவன் வந்தா நமக்கென்ன?"

இதைச் சோம்பேறிப் பேச்சு என்று தள்ளிவிட நாம் தயாராக இல்லை. குடிசைக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டு நடையாய் நடந்தவர் பேசுகிற பேச்சு இது. கொடி மாறியும் குழாய் வராததைக் கண்டவர் அவர். கட்சி எது என்ற கேள்வி அவருக்கு அலுத்துப் போயிருக்கிறது. அலுப்பு நியாயமே. ஆனால் கட்சி எது என்ற கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. சபையில் உட்காருகிற ஆள்களை எந்தக் கணக்கில் பிரித்தார்கள்? எத்தனை தலைக்கு ஒரு நாற்காலி? எந்த ஊர்த் தலைக்கு எவ்வளவு எடை? இதைக் கேட்காமல் விட்ட ஒரு மாநிலத்தின் கதையை இந்த இதழில் சொல்லலாம் என்று எண்ணுகிறோம். கதை நடந்தது நம் நாட்டில் அல்ல; அமெரிக்காவின் தென்கிழக்கு மூலையில் உள்ள ஜார்ஜியா மாநிலத்தில். மார்ட்டின் லூதர் கிங் பிறந்த அட்லாண்டா நகரம்தான் அதன் தலைநகர்.

1947 ஜனவரி 13, திங்கட்கிழமை. உலகப் போர் முடிந்து ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. அட்லாண்டாவில் ஜார்ஜியாவின் சட்டசபை கூடுகிறது. கீழவைக்கு 205 உறுப்பினர்கள். அதற்கு மேலே செனட் என்னும் மேலவை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலும் ஏறத்தாழ எல்லோரும் ஒரே கட்சி, ஜனநாயகக் கட்சி. குடியரசுக் கட்சிக்காரர்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். மாநில மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் கறுப்பினத்தவர். சபையில் அவர்களுள் ஒருவர்கூட இல்லை. ஏறத்தாழ எல்லோரும் ஒரே கட்சி, 205 பேரும் ஒரே நிறம். இந்தச் சபையில் சண்டைக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். அன்று நடந்ததைப்போன்ற கூத்தை நாம் வேறெங்கும் படித்ததில்லை.

முதலில் ஒரு சொல் விளக்கம். அங்கே ஆளுநர் என்றால் நம் ராஜ்பவன் ஆளுநர் அல்லர். மக்கள் நேரே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர். நம் முதலமைச்சரின் வேலையைச் செய்பவர். ஜார்ஜியாவில் எதிர்க்கட்சி என்று ஒன்று இல்லாததால், ஜனநாயகக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்தும் உள்தேர்தலில் வென்றவரே ஆளுநர். பிறகு நடக்கும் பொதுத்தேர்தல் வெறும் சடங்கு.

1946 ஜூலையில் அந்த உள்தேர்தல் நடந்தது. ஒரு பக்கம் யூஜின் டால்மேட்ஜ். ஏற்கெனவே மும்முறை ஆளுநர் தேர்தலில் வென்றவர். கால்சட்டைக்குச் சிவப்பு வார் மாட்டிக்கொண்டு, குடியானவன் தோழன் என்று ஊர் ஊராய் முழங்கியவர். கட்சியின் உள்தேர்தலில் கறுப்பினத்தவருக்கு ஓட்டு இல்லை என்று அதுவரை இருந்த ஏற்பாட்டை நீதிமன்றம் அந்த ஆண்டுதான் உடைத்திருந்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர் கொலம்பஸ் நகரத்து முடிதிருத்தும் தொழிலாளி பிரைமஸ் கிங். 1944இல் ஓட்டுப் போடப் போய் வாசலில் விரட்டப்பட்டவர் அவர். அந்தத் தீர்ப்பைக் குப்பையில் போடுவேன் என்பதே டால்மேட்ஜின் பிரசாரம். எதிரே நின்றவர் ஜேம்ஸ் கார்மைக்கேல், போர்க்காலத்தில் மாரியெட்டாவில் விமானத் தொழிற்சாலையை நடத்தியவர். பல்லாயிரம் பேர் கிராமத்தை விட்டு வந்து கூலி வாங்கிய இடம் அது.

ஓட்டை எண்ணினார்கள். கார்மைக்கேலுக்கு 313,389. டால்மேட்ஜுக்கு 297,245. பதினாறாயிரம் ஓட்டு அதிகம் வாங்கிய கார்மைக்கேல் தோற்றார்!

எப்படி? அங்கேதான் கணக்கு வருகிறது. வாசகர்கள் சற்றுப் பொறுமையாகப் படிக்க வேண்டும். மளிகைக்கடைக் கணக்கைவிடக் கடினமானதல்ல. ஜார்ஜியாவில் 159 கவுண்டிகள். கவுண்டி என்பது நம் தாலுகா மாதிரி ஒரு பிரிவு. மக்கள் தொகையில் பெரிய 8 கவுண்டிகளுக்கு ஆளுக்கு 3 சட்டசபை இடம். அடுத்த 30க்கு இரண்டிரண்டு. மீதி 121க்கு ஒவ்வொன்று. கூட்டினால் 205. கட்சியின் உள்தேர்தலில் இந்த இடங்களின் எண்ணிக்கையை இரட்டித்து அதற்கு 'யூனிட் ஓட்டு' என்று பெயர் வைத்தார்கள். பெரிய கவுண்டிக்கு 6, நடுத்தரத்துக்கு 4, சின்னதுக்கு 2. ஆக மொத்தம் 410. ஒரு கவுண்டியில் யார் முந்துகிறாரோ அவருக்கே அந்தக் கவுண்டியின் யூனிட் அத்தனையும். 1917இல் இதைச் சட்டமாகவே எழுதிவைத்தார்கள். டால்மேட்ஜுக்குக் கிடைத்த யூனிட் 242, கார்மைக்கேலுக்கு 146. முடிந்தது தேர்தல்.

அட்லாண்டா நகரின் பெரும்பகுதி ஃபுல்டன் என்ற கவுண்டியில் அடங்கும். 1960 கணக்கெடுப்பில் அங்கே 556,326 பேர். ஃபுளோரிடா எல்லையில் எக்கோல்ஸ் என்று ஒரு கவுண்டி. அங்கே 1,876 பேர். ஃபுல்டனுக்கு யூனிட் 6, எக்கோல்ஸுக்கு 2. வகுத்துப் பாருங்கள்: எக்கோல்ஸ் ஆசாமி ஒருவர் அட்லாண்டாக்காரர் 99 பேருக்குச் சமம்! பின்னாளில் அமெரிக்க உச்சநீதிமன்றமே தன் தீர்ப்பில் எழுதிவைத்த கணக்கு இது. மாநில மக்களில் நூற்றுக்குப் பதினான்கு பேர் ஃபுல்டனில் வாழ்ந்தார்கள். யூனிட்டிலோ அவர்கள் பங்கு நூற்றுக்கு ஒன்றரைகூட இல்லை.

யார் அந்த 99 பேர்? ஒரு காலத்தில் அவர்களும் எக்கோல்ஸ் போன்ற ஊர்களில் இருந்தவர்கள்தாம். பருத்திக் காயைத் துளைக்கும் வண்டு வந்து வெள்ளாமை போயிற்று, குத்தகைக்கு உழுதவனுக்கு நிலம் இல்லை, மூட்டையைக் கட்டினான். கறுப்பினத்தவரில் லட்சக்கணக்கானோர் வடக்கே சிகாகோ, டெட்ராய்ட் என்று ரயிலேறினார்கள். மற்றவர்கள் அட்லாண்டாவுக்கு வந்தார்கள். அங்கே ஃபுல்டன் பை மற்றும் பருத்தி ஆலை என்று ஒரு பெரிய மில். வடக்கு மலைக்கிராமங்களிலிருந்து வந்த வெள்ளைக்காரக் குடும்பங்கள் அதைச் சுற்றிய வரிசை வீடுகளில் நெருக்கியடித்துக் குடியிருந்தன. பரேல், லால்பாக் பக்கம் வாழ்ந்த நம்மவர்களுக்கு அந்தச் சங்கொலியை விளக்க வேண்டியதில்லை. ஆக, கிராமத்தில் இருந்தவரை முழு மனிதன். வேலை தேடி நகரத்துக்கு வந்த அன்றே அவன் ஓட்டு நூற்றில் ஒரு பங்காகச் சுருங்கிற்று. அவனுடைய உழைப்பும் வரியும் சுருங்கியதாகத் தகவல் இல்லை.

நிற்க. 1947 கூட்டத்தொடருக்கு வருவோம்.

உள்தேர்தலில் வென்ற யூஜின் டால்மேட்ஜ் நோயாளி. சடங்குத் தேர்தலிலும் வென்று, பதவியேற்கு முன்னரே, 1946 டிசம்பர் 21 அன்று இறந்துபோனார். மாநில அரசியல் சட்டத்தில், எவருக்கும் பெரும்பான்மை இல்லாவிட்டால் உயிரோடு இருப்பவர்களில் அதிக ஓட்டுப் பெற்ற இருவருள் ஒருவரைச் சட்டசபை தேர்ந்தெடுக்கலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. வாக்குச் சீட்டில் அச்சாகாத பெயரைக் கையால் எழுதிப் போடும் உரிமையும் அங்கே உண்டு. கிழவர் பிழைக்க மாட்டார் என்று முன்கூட்டியே கணித்த அவருடைய ஆட்கள், மகன் ஹெர்மன் டால்மேட்ஜின் பெயரைச் சில நூறு பேரை விட்டு எழுதிப் போடச் செய்திருந்தார்கள்.

சபையில் எண்ணியபோது மகனுக்கு 617. கார்மைக்கேலுக்கு 669. குடியரசுக் கட்சிக்காரர் ஒருவருக்கு 637. மகன் மூன்றாமிடம், சட்டப்படி அவர் பெயர் சபையின் முன் வரவே முடியாது. அந்த நேரம் பார்த்து டால்மேட்ஜின் சொந்தக் கவுண்டியான டெல்ஃபேரிலிருந்து இன்னும் 58 ஓட்டுகள் 'கண்டெடுக்கப்பட்டன'. ஆக 675. மகன் முதலிடம்! ஜனவரி 15 விடியற்காலையில் இரு அவைகளும் சேர்ந்து 161க்கு 87 என்ற கணக்கில் ஹெர்மன் டால்மேட்ஜை ஆளுநர் ஆக்கின.

பதவியிலிருந்த ஆளுநர் எல்லிஸ் ஆர்னால் நாற்காலியை விட மறுத்தார். டால்மேட்ஜ் ஆட்கள் கதவை உடைத்து உள்ளே போய்ப் பூட்டை மாற்றினார்கள். ஆர்னால் மறுநாள் அதே கட்டடத்தின் நடுக்கூடத்தில், வருவோருக்கு வழி சொல்லும் மேசையில் உட்கார்ந்து ஆட்சி நடத்தினார். அங்கேயும் வெடி கொளுத்திப் போட்டார்கள். புதிதாகத் தேர்வான துணை ஆளுநர் மெல்வின் தாம்ப்சன், வாரிசு நானே என்று மூன்றாவதாக வந்து நின்றார். மாநில முத்திரையை வைத்திருந்த செயலர் பென் ஃபோர்ட்சன் சக்கர நாற்காலியில் இயங்குபவர்; யாரிடமும் கொடுக்காமல் முத்திரையைத் தம் இருக்கை மெத்தைக்கு அடியில் வைத்துக் காத்தார். ஒரு மாநிலம், மூன்று ஆளுநர்கள், ஒரு முத்திரை. நம் கூவத்தூர்க் காட்சிகளைக் கண்டவர்களுக்கு இது வியப்பாக இராது.

அட்லாண்டா ஜர்னல் ஏட்டின் நிருபர் ஜார்ஜ் குட்வின் டெல்ஃபேருக்குப் போய் அந்த ஓட்டுப் பட்டியலைப் புரட்டினார். பல சீட்டுகளில் ஒரே கையெழுத்து. பட்டியலின் கடைசிப் பெயர்கள் அகரவரிசையில் நின்றன. ஓட்டுச்சாவடியில் எந்த ஊர் மக்கள் அகரவரிசையில் வந்து நின்றிருக்கிறார்கள்? வீடு வீடாகப் போய் விசாரித்தார். சிலர் ஓட்டே போடவில்லை என்றார்கள். சிலர் செத்துப்போயிருந்தார்கள். இன்னும் சிலர் ஊரைவிட்டே போய்விட்டிருந்தார்கள். இந்தச் செய்திக்கு 1948இல் அவருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

"ஊர்ல ஒரு ஓட்டு இருக்குல்லா" என்கிற அண்ணாச்சிகள் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். பிழைக்கப் போனவனின் ஓட்டு போன இடத்தில் செல்லாக்காசு. விட்டுவந்த ஊரிலோ வேறு யாரோ அவன் பெயரில் போட்டுக்கொள்கிறார்கள்.

மார்ச் மாதம் மாநில உச்சநீதிமன்றம் 5க்கு 2 என்று தீர்ப்புச் சொன்னது: ஆளுநரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் சட்டசபைக்கு எழவே இல்லை, தாம்ப்சனே பொறுப்பில் இருக்க வேண்டும். ஏறத்தாழ இரண்டு மாத ஆட்சிக்குப் பின் ஹெர்மன் வெளியேறினார். அந்த நாள்களுக்குள் சபை செய்த பெரிய காரியம், வெள்ளையருக்கு மட்டுமான உள்தேர்தலைத் திரும்பக் கொண்டுவரும் மசோதாவை நிறைவேற்றியது. அடுத்த ஆண்டு தேர்தலில் நின்று ஹெர்மன் வென்று வந்தார் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அவர் செல்வாக்கு பொய்யல்ல. ஆனால் அந்தச் செல்வாக்குக்கு எடை போட்ட தராசு பொய்.

தராசை வைத்திருந்தவர்கள் அதை எடுக்கவும் ஒப்பவில்லை. ஹெலன் டக்ளஸ் மான்கின் என்ற அம்மையார் 1946 பிப்ரவரியில் அட்லாண்டா வட்டாரத்துக்கான இடைத்தேர்தலில் வென்று அமெரிக்கக் காங்கிரசுக்குப் போனார். கறுப்பின வாக்காளர்கள் திரண்டு வந்து அவருக்குப் போட்ட தேர்தல் அது. ஜூலையில் வழக்கமான உள்தேர்தல் வருவதற்குள், அந்தத் தொகுதிக்கு யூனிட் முறையைத் திரும்ப நுழைத்துவிட்டார்கள். தொகுதியில் மூன்றே கவுண்டிகள். தலை எண்ணினால் அம்மையார் வெற்றி. யூனிட் எண்ணினால் ஃபுல்டனின் 6 அவருக்கு. டிகால்பின் 6, குட்டிக் கவுண்டியான ராக்டேலின் 2 எதிராளிக்கு. 8க்கு 6 தோல்வி.

பொதுத்தேர்தலுக்கும் இதே முறையை நீட்ட அரசியல் சட்டத்தைத் திருத்தப் பார்த்தார்கள். 1950இல் ஒருமுறை, 1952இல் ஒருமுறை மக்கள் முன் வைத்தார்கள். இரண்டு முறையும் மக்கள் தோற்கடித்தார்கள். அந்த வாக்கெடுப்பில் தலைக்கு ஒரு ஓட்டு அல்லவா! தராசு நேராக இருந்த இடத்தில் மக்கள் தீர்ப்பு நேராக வந்தது. நாம் ஜார்ஜியாவின் கிராமத்தானைக் குறை சொல்லவில்லை. அவன் பெயரைச் சொல்லிப் பிழைத்தவர்கள் வேறு. கவுண்டித் தலைநகரில் நீதிமன்ற வளாகத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்த நாலைந்து பெரிய மனிதர்கள். 121 சின்னக் கவுண்டிகளின் பெரிய மனிதர்களைக் கையில் வைத்திருந்தால் 242 யூனிட் கையில். நகரத்தில் கூட்டமே போட வேண்டாம். டிராம் ஓடும் கவுண்டி எதுவும் தமக்கு வேண்டாம் என்று மூத்த டால்மேட்ஜ் பெருமையடித்துக்கொண்டதற்குப் பொருள் இதுதான்.

நீதிமன்றத்துக்குப் போனவர்களை 1950இல் உச்சநீதிமன்றம் திருப்பி அனுப்பியது. இது அரசியல் விவகாரம், எமக்கு வேலையில்லை என்றது. 1962 மார்ச் 26 அன்று டென்னசி மாநில வழக்கொன்றில் அதே நீதிமன்றம் மனம் மாறி, இத்தகைய வழக்கைக் கேட்கலாம் என்றது. டென்னசி சபை 1901க்குப் பிறகு இடங்களைத் திருத்திப் பிரிக்கவே இல்லை. தன் நாற்காலியைத் தானே வெட்டிக்கொள்ள எந்த உறுப்பினர் முன்வருவார்? தீர்ப்பு வந்த அதே நாளில் அட்லாண்டாவில் ஃபுல்டன் வாக்காளர் ஒருவர் யூனிட் முறையை எதிர்த்து வழக்குப் போட்டார். அடுத்த மாதமே கீழ் நீதிமன்றம் யூனிட் முறையை நிறுத்தியது. 1963 மார்ச் 18 அன்று உச்சநீதிமன்றம் 8க்கு 1 என்று அதை உறுதி செய்தது. அமெரிக்க அரசின் சார்பில் நேரில் வந்து வாதாடியவர் ராபர்ட் கென்னடி. உச்சநீதிமன்றத்தில் அவர் வாதாடியது அந்த ஒரே முறைதான். 'ஒருவருக்கு ஒரு ஓட்டு' என்று இன்று உலகமெல்லாம் முழங்கும் வாசகம் நீதிமன்ற ஏட்டில் ஏறியது அந்தத் தீர்ப்பில். 1964இல் மாநிலச் சட்டசபைகளின் இரு அவைகளுக்கும் அதே நீதி என்று அலபாமா வழக்கில் சொல்லிவிட்டார்கள்.

ஜார்ஜியாவின் செனட்டை 1962இலேயே திருத்தவேண்டி வந்தது. அதுவரை ஃபுல்டனுக்கு அங்கே ஒரே இடம், திருத்தியபின் ஏழு. அவற்றுள் ஒன்றில் வென்ற லெராய் ஜான்சன், அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து அந்தச் சபைக்குள் நுழைந்த முதல் கறுப்பின உறுப்பினர். அதே தேர்தலில் ஒரு கடலை விவசாயியும் நின்றார். குவிட்மன் என்ற கவுண்டியில் உள்ளூர்ப் பெரிய மனிதர் ஒருவரின் கண்முன்னே ஓட்டுப் போட்டவர்கள் 333 பேர். பெட்டியைத் திறந்தால் 420 சீட்டு. நம் நாட்டில் அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். கடலை விவசாயி விடாமல் வழக்காடி இடத்தைப் பெற்றார். பெயர் ஜிம்மி கார்ட்டர். 1977இல் அமெரிக்காவின் குடியரசுத் தலைவரானார்.

கீழவைக்கு 1965 ஜூனில் புதிய எல்லைப்படி தேர்தல். மூன்றாக இருந்த ஃபுல்டனின் இடங்கள் 24 ஆயின. அப்படிப் புதிதாகப் பிறந்த தொகுதிகளில் ஒன்று 136. அட்லாண்டாவின் கறுப்பின மக்கள் நெருங்கி வாழும் பகுதி. ஜூலியன் பாண்ட் என்ற இளைஞர் அங்கே பெருவாரியாக வென்றார். அவரும் நாஷ்வில்லில் பிறந்து பிறகு அட்லாண்டா வந்தவரே. 1966 ஜனவரி 10 அன்று பதவியேற்கப் போனார். வியட்நாம் போரைக் கண்டித்து அவர் சார்ந்த மாணவர் அமைப்பு ஓர் அறிக்கை விட்டிருந்தது. அதற்கு அவர் ஆதரவு தெரிவித்திருந்தார். அதைக் காரணம் காட்டி, உள்ளே விடக்கூடாது என்று 184 பேர் ஓட்டுப் போட்டார்கள். விடலாம் என்றவர் 12 பேர். மார்ட்டின் லூதர் கிங்கே பாண்டின் தொகுதிவாசி. ஊர்வலம் நடத்தினார், வழக்கிலும் சேர்ந்தார். காலியான இடத்துக்கு மறுபடி தேர்தல் வைத்தார்கள். மக்கள் மறுபடி பாண்டையே அனுப்பினார்கள். மறுபடி கதவு சாத்தப்பட்டது. நவம்பரில் மூன்றாம் முறையும் அவரையே அனுப்பினார்கள். டிசம்பர் 5 அன்று உச்சநீதிமன்றம் ஒருமனதாகச் சபையின் செயல் தவறு என்றது. 1967 ஜனவரியில் பாண்ட் அமர்ந்தார். அதன்பின் இருபது ஆண்டுகள் இரு அவைகளிலுமாகப் பணியாற்றினார்.

அதே வாரத்தில் என்ன நடந்தது தெரியுமா? 1966 ஆளுநர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் காலவே முதலிடம். ஜனநாயகக் கட்சியின் லெஸ்டர் மேடக்ஸ் மூவாயிரம் ஓட்டுப் பின்தங்கி இரண்டாமிடம். பழைய ஆளுநர் ஆர்னாலின் பெயரைச் சிலர் கையால் எழுதிப் போட்டதால் யாருக்கும் பாதிக்கு மேல் இல்லை. பழைய பிரிவு உயிரோடு இருந்தது; சட்டசபையே தேர்ந்தெடுத்தது. 182க்கு 66 என்று மேடக்ஸ் ஆளுநரானார். கறுப்பினத்தவருக்குச் சோறு போட மாட்டேன் என்று தம் உணவு விடுதியையே இழுத்து மூடிய மனிதர் அவர்!

இதைச் சுட்டிக்காட்டி, பார்த்தீர்களா, நாற்காலிக் கணக்கைத் திருத்தி என்ன ஆயிற்று என்று கேட்போர் உளர். நமக்கு அதில் உடன்பாடில்லை. கணக்கு நேரானால் மனம் நேராகிவிடும் என்று நாம் சொல்லவே இல்லை. 1947 சபையில் பாண்டை வெளியே தள்ளியிருக்கவே முடியாது. ஏனென்றால் அங்கே அவர் வாசல் வரை வந்திருக்க வழியில்லை. 184க்கு எதிராக 12 என்பது சிறிய எண்தான். ஆனால் அந்தப் பன்னிரண்டில் ஒவ்வொரு கைக்கும் பின்னால் இத்தனை தலை என்று எண்ணிக் காட்ட முடிந்தது.

கட்சிக் கணக்குக்கும் ஒரு வரி. 1947இல் ஏறத்தாழ முழுக்க ஜனநாயகக் கட்சியாக இருந்த அந்தச் சபையில், 2002இல் செனட்டும் 2004 தேர்தலில் கீழவையும் குடியரசுக் கட்சியின் கைக்குப் போயின. பெயர்ப்பலகை தலைகீழாயிற்று. தொகுதி எல்லையை எப்படிக் கீறுவது என்ற சண்டை மட்டும் அப்படியே தொடர்ந்தது. இந்தமுறை ஆள் எண்ணிக்கையில் கைவைக்க முடியாததால் கோட்டை வளைத்தார்கள்.

நம் நாட்டுக் கணக்கைப் பற்றிக் கேட்பீர்கள். ஜார்ஜியாவின் கதையை அப்படியே இங்கே ஒட்டிவிட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். 1962இல் 41ஆக இருந்த சென்னை மாநிலத்தின் மக்களவை இடங்கள் 1967இல் 39ஆகக் குறைந்தன. 1976இல் 42ஆவது திருத்தம் மாநிலங்களின் பங்கை 1971 கணக்கெடுப்பில் நிறுத்தியது. 84ஆவது திருத்தம் அந்த நிறுத்தத்தை நீட்டியது. குடும்பக் கட்டுப்பாட்டை ஏற்ற மாநிலம் அதற்குத் தண்டனையாக இடத்தை இழக்கக்கூடாது என்பது இந்த நிறுத்தத்துக்குச் சொன்ன நியாயம். அங்கே கணக்கை உறைய வைத்தது அநீதி. இங்கே உறைய வைத்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. அதே உறைவு, ஆள் வந்து சேர்ந்த மாநிலத்துக்கு அந்த வந்தவர்களுக்குரிய இடத்தைத் தராமல் வைக்கிறது என்பதும் உண்மை. ஊரிலுள்ள அண்ணன் வீட்டுக்கு நன்மையானது, இங்கே நம் குடிசைக்குக் குறையாகலாம். இரண்டும் நம் வீடுதான். இதில் சங்கத்துக்குள்ளேயே இரண்டு கருத்து இருக்கிறது. அதைத் தனியே விவாதிப்போம்.

ஆனால் மாநிலத்துக்கு எத்தனை என்பது நம் கையில் இல்லாவிட்டாலும், இந்த வார்டில் எத்தனை பேர் என்பது நம் கையில் இருக்கிறது. சாதாரணமாக எங்கே குடியிருக்கிறோமோ அங்கே பெயர் சேர்க்கலாம் என்கிறது சட்டம். இரண்டு இடத்தில் இருக்கக்கூடாது என்றும் சொல்கிறது. அட்லாண்டாக்காரனின் ஓட்டை நூற்றில் ஒன்றாக்க அங்கே ஒரு சட்டம் தேவைப்பட்டது. நம்மில் பலர் எந்தச் சட்டமும் இல்லாமலே முழு ஓட்டையும் விட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறோம். நம் வார்டுப் பட்டியலைச் சென்ற மாதம் சங்க இளைஞர்கள் வீடு வீடாகச் சரிபார்த்தார்கள். ஒரு சந்தில் இறந்துபோன பாட்டியின் பெயர் இருக்கிறது. பதினோரு ஆண்டாக அதே வீட்டில் தையல் மிஷின் மிதிக்கும் பேத்தியின் பெயர் இல்லை.

மேசை இந்த ஞாயிறும் காலை பத்து மணிக்குப் போடப்படும். வீட்டு முகவரிக்கு ஏதாவது ஒரு சான்று, வயதுக்கு ஒரு சான்று, ஒரு புகைப்படம் கொண்டுவந்தால் போதும். ஊர்ப் பட்டியலில் பெயர் இருப்பவர்கள் அந்த அட்டையையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். இங்கே மாற்றுவதற்கு உரிய படிவத்தை நம் பிள்ளைகள் நிரப்பித் தருவார்கள்.